பக்தி, யோகம், ஞானம்: எது உயர்ந்த வழி? குலதெய்வம் கும்பிடுவது கீழ்ப்படியா?

நீங்கள் கேட்டிருப்பது இது: இந்து சமயத்தில் கர்மம், பக்தி, யோகம், ஞானம் என்று பல வழிகள் இருக்கின்றன, அதில் ஞானம்தான் உச்சி என்றால் வீட்டில் வற்புறுத்துகிற குலதெய்வக் கும்பிடும் காவடியும் கீழ்ப்படிதானே, படித்தவன் நேரே மேலே போய்விடக் கூடாதா?

கீழ்ப்படி என்று படித்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நீங்கள் கோயமுத்தூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பீர்கள். ராத்திரி போனில் சொற்பொழிவு கேட்பீர்கள். ஊரில் பூச்சாட்டு, அம்மன் கோயில் திருவிழா தொடங்குகிறது என்று அம்மா கூப்பிட்டால் லீவு இல்லை என்பீர்கள். தப்பாக நினைத்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் சொந்தத்தில் உங்கள் வயதுப் பிள்ளைகள் அப்படித்தான் இருக்கிறார்கள்.

உங்கள் கேள்வியை அர்ச்சுனனே கேட்டிருக்கிறான். உருவமாகக் கும்பிடுகிறவர்கள் மேலா, உருவமில்லாததைத் தியானிக்கிறவர்கள் மேலா என்றுதான் கீதையின் 12ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. கண்ணன் இரண்டாவது வகையைத் தள்ளவில்லை, அவர்களும் என்னையே அடைகிறார்கள் என்கிறான். ஆனால் உடம்பு எடுத்தவர்களுக்கு அந்த வழி கஷ்டம், நம்பிக்கையோடு என்னிடம் மனதை வைத்தவர்களே சிறந்த யோகிகள் என்றும் சொல்லிவிடுகிறான். ஞானமே உச்சி என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நம் சைவத்தில் சரியை (உடம்பால் செய்கிற கோயில் தொண்டு), கிரியை (பூசை), யோகம், ஞானம் என்று நான்கு. சரியைக்கு அப்பர், கிரியைக்குச் சம்பந்தர், யோகத்துக்குச் சுந்தரர், ஞானத்துக்கு மாணிக்கவாசகர் என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். உழவாரப்படை எடுத்துக் கோயில் புல்லைச் செதுக்கிய அப்பரைக் கீழ்ப்படியில் நிற்கிறவர் என்று யாராவது சொல்வார்களா? தாயுமானவர் இந்த நான்கையும் அரும்பு, மலர், காய், கனி என்றார். அரும்பைக் கிள்ளி எறிந்துவிட்டுக் கனியை எங்கே தேடுவது?

இனி என் அப்புச்சி கதைக்கு வருகிறேன். அம்மாவைப் பெற்றவர். ஊர் வெள்ளகோவில் பக்கம். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து பழனிக்குத் தீர்த்தக்காவடி எடுக்கிற கூட்டத்தில் ஒருவர். எங்கள் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொடுமுடி கொங்கேழு தலங்களில், அதாவது கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற ஏழு சிவன் கோயில்களில் ஒன்று. நான் மறந்தாலும் என் நா நமச்சிவாய சொல்லும் என்ற பொருளில் சுந்தரர் பாடியது அங்கேதான். சிவன், பெருமாள், வன்னி மரத்தடியில் பிரம்மா என்று மூவரும் ஒரே கோயிலில் இருக்கிறார்கள்.

விடியும் முன்னே அப்புச்சி காவேரியில் முங்கி எழுவார். புளி போட்டுத் துலக்கிய பித்தளைச் சொம்பை நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றுதான் நிரப்புவார். அதுவரை ஒரு பேச்சு இருக்காது. வன்னி இலையைக் கிள்ளி உள்ளே போட்டு, வாயை வெள்ளைத் துணியால் மூடி நூலை இறுக்கிச் சுற்றுவார். வன்னி போட்ட தண்ணீர் கெடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதன்பிறகு பழனி போகும்வரை கலசம் தரையில் படக்கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. தோள் கடுத்தால் கூட வருகிறவர் தோளுக்குத்தான் மாற்ற வேண்டும்.

கூட வந்தவர்களில் அவருடைய பங்காளி ஒருவரும் உண்டு. கூட்டுக் கிணற்றில் முறைத்தண்ணீர் தகராறாகி இரண்டு பேரும் தாராபுரம் கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். ஊருக்குள் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை. ஆனால் மூலனூர் தாண்டி வெயிலில் அப்புச்சிக்குத் தோள் தாங்காமல் போனபோது பக்கத்தில் இருந்தது அந்தப் பங்காளிதான். "புடி" என்றார் அப்புச்சி. அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டு வாங்கிக்கொண்டார். வழக்கு அதன்பிறகும் இழுத்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பங்குனி வந்தால் இவர் கலசத்தை அவரும் அவர் கலசத்தை இவரும் வாங்குவது நிற்கவே இல்லை. விரோதியின் தோளில் தன் சாமியின் தண்ணீரைக் கொடுக்க முடிகிற மனசை எந்தப் படியில் வைப்பீர்கள்?

எங்கள் சொந்தத்தில் நன்றாகப் படித்த ஒருவர், பேர் வேண்டாம், ஒருமுறை குலக்கோயில் பொங்கலுக்கு வந்தார். பெண்கள் மாவிளக்குக்கு நாட்டுச்சர்க்கரை போட்டு மாவு பிசைந்துகொண்டிருந்தோம். கும்பிடாமல் வேப்பமரத்தடியில் நின்றவர், அப்புச்சியைப் பார்த்து, "நட்ட கல்லும் பேசுமோ நாதன் உள்ளிருக்கையில்" என்று சிவவாக்கியர் பாட்டை எடுத்துவிட்டார். சுற்றிலும் சின்னப் பிள்ளைகள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அப்புச்சி கோபப்படவில்லை. "நீங்க சொல்ற சித்தரு பெரியவருதானுங் மாப்பிள்ளை. பழனியில சாமியப் பண்ணுனதும் ஒரு சித்தருதானுங்களே" என்றார்.

இதற்கு மேல் நான் என்ன விளக்குவது? பழனி மூலவரை நவபாஷாணத்தில், அதாவது ஒன்பது பாஷாணங்களைச் சேர்த்து, செய்தவர் போகர் என்ற சித்தர் என்பது வழிவழியாக வருவது. அவருடைய சமாதியும் அந்த மலைமேல்தான் இருக்கிறது. சித்தர் வழியிலேயே கல்லைக் கேள்வி கேட்டவரும் இருக்கிறார், சாமியைக் கையால் செய்து ஊருக்குக் கொடுத்தவரும் இருக்கிறார். ஒருவரை வைத்து இன்னொருவரை அடிக்கக் கூடாது. காங்கயம் தாராபுரம் ரோட்டில் ஊதியூர் மலைக்குப் போய்ப் பாருங்கள். உத்தண்ட வேலாயுதசாமியைக் கும்பிடுகிறவர்களும் அதற்கு மேலே கொங்கணச் சித்தர் குகையில் தியானத்துக்கு உட்காருகிறவர்களும் ஒரே மலையில்தான் ஏறுகிறார்கள்.

இவளுக்குத் தியானம் தெரியாது, அதனால் பேசுகிறாள் என்று பின்னூட்டம் போட வருகிறவர்களுக்கு: நான் மனவளக்கலை என்ற தியானப் பயிற்சி பயின்றவள். அதை வகுத்த வேதாத்திரி மகரிஷியை (1911-2006) மனதார மதிக்கிறேன். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, குடும்பத்தில் இருந்துகொண்டே தவம் செய்யலாம் என்று காட்டியவர். தினமும் காலையில் தவத்துக்கு உட்காருகிறேன், ஆழியாறில் அவர் அமைத்த மையத்துக்கும் போய் வந்திருக்கிறேன். அதே நான்தான் பொங்கல் வைக்கவும் போகிறேன். இரண்டும் எனக்குள் சண்டை போட்டதில்லை.

கெடா வெட்டைக் கேட்பீர்கள். எங்கள் கோயிலில் சைவப் பொங்கல்தான், வெட்டுகிற கோயில்காரர்களைத் தாழ்த்திப் பேச எனக்கு வாய் வராது. குலக்கோயிலில் யாரை உள்ளே விட்டார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்றும் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், நான் சப்பைக்கட்டு கட்டப் போவதில்லை. அதைத் திருத்த வேண்டியது உள்ளே இருக்கிற நாங்கள்தான். ஒதுங்கி நின்று பாட்டுச் சொல்கிறவர்கள் திருத்தியதாக நான் பார்க்கவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்புச்சி நடந்த ரோட்டில் இரண்டு பக்கமும் புளியமரம் இருந்தது. காவடியை மாற்றித் தோள் ஆற்றுவது அந்த நிழலில்தான். ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று வரிசையாக அறுத்துத் தள்ளினார்கள். பதிலுக்கு நட்டதாகச் சொன்ன கன்றுகளை நான் தேடித் தேடிப் பார்த்தேன், கூண்டுதான் நிற்கிறது. தார் ரோட்டில் வெறுங்காலோடு போகிற கிழவிகளைப் பார்த்தால் வயிறு பற்றிக்கொண்டு வருகிறது. ராத்திரியில் லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன. கோயில் வாசலில் நிழற்பந்தல் போடுகிற புண்ணியவான்கள் வழியில் நாலு மரம் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் அதுவும் கர்ம யோகம்தானே?

உங்களுக்கு என் பதில்: தியானத்தை விடாதீர்கள். உங்கள் குலக்கோயில் எது, பொங்கல் எந்த மாதம் என்று அம்மாவிடம் கேட்டு அதற்கு இப்போதே லீவு எழுதிக் கொடுங்கள். போய் வேடிக்கை பார்க்காமல் அடுப்புக்கு மூன்று கல் எடுத்து வையுங்கள், கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவாருங்கள். நடக்கத் தெம்பிருந்தால் பங்குனியில் கொடுமுடிக்கு வாருங்கள், எந்தக் கூட்டத்தோடும் சேர்ந்துகொள்ளலாம், யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். தலைக்கு ஒரு துண்டு கொண்டுவாருங்கள், வழியில் நிழல் கிடையாது.