அம்மா வீடியோ கால்ல வந்தா அவர் பால்கனிக்குப் போறார்

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயசு, சொந்த ஊர் திருச்சி, கனடாவுல மிசிசாகால வேலை பாக்குறேன். 2021ல பிஆர் (நிரந்தரமா தங்குற அனுமதி) வந்துச்சு. 2023 செப்டம்பர்லேர்ந்து என் பார்ட்னரும் நானும் ஒரே அபார்ட்மென்ட்ல இருக்கோம், அவர் கோட்டயம், கிறிஸ்டியன். அவரோட ஒர்க் பர்மிட் முடியப்போகுது. காமன் லால, அதாவது கல்யாணம் பண்ணாம சேர்ந்து வாழற ஜோடியா, அவரோட பிஆருக்கு ஸ்பான்சர் பண்ணலாம்னு பாத்தா கையில ப்ரூஃபே இல்ல. லீஸ் என் பேர்ல மட்டும்தான், ஜாயின்ட் அக்கவுண்ட் கிடையாது, டாக்ஸ்ல ரெண்டு பேரும் சிங்கிள்னு போட்டிருக்கோம், சேர்ந்து எடுத்த போட்டோவும் கம்மி. அம்மா வீடியோ கால்ல வந்தா அவர் பால்கனிக்குப் போயிடுவார், அதனால வீட்ல இதுவரைக்கும் பிரச்சனை இல்ல. பழைய தேதி போட்டு லீஸ்ல அவர் பேரைச் சேத்துடலாம்னு ஒரு ஃப்ரெண்ட் சொல்றார். என்னென்ன டாக்குமென்ட் இருந்தா போதும்?

பதில்: இந்த மாதிரி லெட்டர் எனக்கு நிறைய வருதும்மா, எல்லாரும் கடைசில கேக்குறது லிஸ்ட்தான். லிஸ்ட் அப்புறம் தரேன். நீங்க போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, அம்மா கால்ல வந்தா அவர் பால்கனிக்குப் போயிடுவார்னு, மொத்த லெட்டர்ல எனக்கு அதுதான் கண்ணுல பட்டுச்சு. மிசிசாகால ஜனவரி மாசக் குளிர் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், உங்க அம்மா கேரட் சாம்பார்ல ஆரம்பிச்சு சித்தி பொண்ணு கல்யாணம் வரைக்கும் பேசி முடிக்கிற வரைக்கும் அந்த மனுஷன் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறார், நீங்க அதை "பிரச்சனை இல்ல"ன்னு எழுதுறீங்க. யாருக்கு பிரச்சனை இல்ல?

ப்ரூஃப் இல்லன்னு சொல்றீங்களே, அது ஏன் இல்லன்னு யோசிச்சுப் பாத்தீங்களா? லீஸ்ல அவர் பேரைப் போட்டா ஊர்லேர்ந்து வர்ற யாராவது பாத்துருவாங்கன்னு போடல. போட்டோ எடுத்தா எங்கயாவது போயிடும்னு எடுக்கல. டாக்ஸ்ல சிங்கிள்னு போட்டது வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு கவர்மென்ட் தர்ற ஜிஎஸ்டி கிரெடிட்டுக்காக மட்டும்னு நினைக்கிறீங்களா, எனக்கு அப்படித் தோணல, எங்கயுமே அவரை எழுதக்கூடாதுன்னு கை பழகிடுச்சு. ரெண்டு வருஷத்துக்கு மேல முழுப் பூசணிக்காயை சோத்துல மறைச்சுட்டு, இப்ப இமிக்ரேஷன் ஆபீசர் மட்டும் அந்தப் பூசணிக்காயைப் பாக்கணும்னு கேக்குறீங்க.

சட்டம் கேக்குறது என்னன்னா, 12 மாசம் தொடர்ந்து ஒண்ணா வாழ்ந்திருக்கணும், அதுவும் கணவன் மனைவி மாதிரி. நடுவுல வேலைக்காகவோ ஊருக்கோ கொஞ்ச நாள் பிரிஞ்சிருந்தா பரவால்ல. ஆனா ஒரே கூரைக்குள்ள இருந்தா மட்டும் போதாது, ரூம்மேட்டும் ஒரே கூரைலதான் இருக்கான். கனடா சுப்ரீம் கோர்ட் 1999ல எம் வெர்சஸ் எச் வழக்குல எதை வெச்சு ஒரு உறவை அளக்கணும்னு சொல்லிச்சு, சேர்ந்து இருக்குறது, வீட்டு வேலையைப் பகிர்றது, பணம், குழந்தைங்கன்னு போற அந்த வரிசைல சுத்தி இருக்கறவங்க இவங்களை ஜோடியாப் பாக்குறாங்களான்னும் ஒண்ணு இருக்கு. எல்லாமே இருந்தாகணும்னு இல்ல, ஆனா உங்க கேஸ்ல அந்த ஒண்ணு மொத்தமா காலி. ஸ்பான்சர் அப்ளிகேஷனோட வர்ற ஐஎம்எம் 5532 ஃபார்ம்ல குடும்பத்துக்கு இந்த உறவு தெரியுமான்னு கேள்வி வரும். அங்க என்ன எழுதுவீங்க? தெரியாதுன்னு எழுதுனா காரணத்தை விளக்கணும், தெரியும்னு எழுதுனா பொய்.

பொய்னு வந்ததால சொல்றேன், அந்த பழைய தேதி லீஸ் ஐடியா கொடுத்த ஃப்ரெண்ட் கிட்ட இனிமே இதைப் பத்திப் பேசாதீங்க. அது மிஸ்ரெப்ரசன்டேஷன், அதாவது பொய்த் தகவல் கொடுக்கறது, மாட்டுனா உங்க கூட இருக்குறவருக்கு 5 வருஷம் கனடா கதவு சாத்திடும். ஐஎம்எம் 5409ங்கற காமன் லா உறவுக்கான சத்தியப் பிரமாணம் நோட்டரி முன்னாடி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுறது, அதுல பொய் சொன்னா குற்றம். நிஜமா இருக்குற உறவுக்கு யாராவது பொய் டாக்குமென்ட் பண்ணுவாங்களா? கோவமா வருது எனக்கு.

சரி, நிஜமா என்ன இருக்குன்னு தேடுங்க. லீஸ்ல பேர் இல்லன்னாலும் அவர் பேர்ல அதே அட்ரஸுக்கு வந்த பேங்க் ஸ்டேட்மென்ட், போன் பில், டிரைவிங் லைசென்ஸ், டி4 சம்பள ஸ்லிப், ஹெல்த் கார்டு லெட்டர் எல்லாம் ஆரம்ப மாசத்துலேர்ந்து வரிசையா எடுத்து வைங்க, ரெண்டு பேருக்கும் தனித்தனியா ஒரே அட்ரஸ்ல வந்த பேப்பரும் கணக்குதான். மாசாமாசம் அவர் உங்களுக்கு இ-ட்ரான்ஸ்ஃபர் பண்ணியிருப்பார், அதுல "ரென்ட்"னு மட்டும் போட்டிருந்தா ரூம்மேட் மாதிரிதான் தெரியும், அதனால மளிகை, ஹைட்ரோ பில் (கரண்ட் பில்) யார் கட்டுனதுன்னு சேத்துக் காட்டுங்க. அவர் அங்க குடியிருக்கார்னு லேண்ட்லார்ட் கிட்ட உள்ளதை உள்ளபடி லெட்டர் கேளுங்க. டாக்ஸை முதல்ல சரி பண்ணுங்க, 12 மாசம் சேர்ந்து இருந்தாலே சிஆர்ஏங்கற டாக்ஸ் ஆபீஸ் கணக்குல நீங்க காமன் லா, குடும்ப வருமானத்தை வெச்சுப் பாத்தா வாங்குன கிரெடிட்ல கொஞ்சம் திருப்பிக் கட்ட வேண்டி வரலாம், கட்டிடுங்க, ஒரு ஆபீஸ்ல சிங்கிள் இன்னொரு ஆபீஸ்ல ஜோடின்னு இருக்க முடியாது. பர்மிட் தேதியை ஒரு லைசென்ஸ் உள்ள கன்சல்டன்ட் கிட்ட இப்பவே காட்டுங்க, கனடாவுக்குள்ள இருந்து அப்ளை பண்ணா எந்த கம்பெனிலயும் வேலை பாக்க விடுற ஓப்பன் ஒர்க் பர்மிட் கேக்க வழி இருக்கு. உங்க பிஆர் சேர்ந்து வாழ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டதால ஒரு பெரிய சிக்கல்ல தப்பிச்சீங்க, கூட இருக்குறவரை சொல்லாம பிஆர் வாங்கினவங்க அப்புறம் அவரையே ஸ்பான்சர் பண்ணப் போய் மாட்டிக்கிறாங்க.

அப்ப ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிட்டா 12 மாசக் கணக்கே வேணாமேன்னு நினைப்பீங்க. ஆமா, வேணாம். ஒன்டாரியோல சிட்டி ஹால்ல லைசென்ஸ் வாங்கி 90 நாளுக்குள்ள முடிச்சுடலாம். ஆனா உறவு உண்மையான்னு அப்பவும் பாப்பாங்க, யாருக்கும் தெரியாம ரெண்டு சாட்சியோட நடந்த கல்யாணத்தைப் பாத்தா இன்னும் நிறைய கேள்விதான் வரும்.

ஸ்பான்சர் பண்றப்ப என்ன கையெழுத்துப் போடுறீங்கன்னு தெரியுமா? அவருக்கு பிஆர் வந்த நாள்லேர்ந்து 3 வருஷம் அவரோட அடிப்படைச் செலவுக்கு நீங்க பொறுப்பு, நடுவுல பிரிஞ்சாலும் அந்தப் பொறுப்பு போகாது. அவ்வளவு பெரிய கடமையை ஒரு கவர்மென்ட்டுக்கு எழுதிக் கொடுக்கத் தயாரா இருக்குற நீங்க, பெத்தவங்க கிட்ட அவர் பேரைச் சொல்ல பயப்படுறீங்க. என்னைக் கேட்டா பெத்தவங்களுக்குத்தான் முதல்ல தெரியணும், கவர்மென்ட்டுக்கு அப்புறம். உங்க அம்மா அழுவாங்க, அப்பா பேசாம இருப்பார், வேற மதம்னு சொந்தக்காரங்க பேசுவாங்க, எல்லாம் நடக்கும். ஆனா அவங்க கோவப்படுறதுக்குக்கூட ஒரு உரிமை இருக்குல்ல, அதையும் சேத்துத்தான் நீங்க மறைச்சு வெச்சிருக்கீங்க. அவரோட அம்மாவும் கோட்டயத்துல இருக்காங்கல்ல, அவங்களுக்குத் தெரியுமான்னு நீங்க எழுதவே இல்ல.

முதல்ல அப்பாவுக்கு தனியா போன் பண்ணிச் சொல்லுங்க. அப்புறம் வர்ற ஞாயித்துக்கிழமை அம்மா வீடியோ கால்ல வரும்போது அவர் சோபால உங்க பக்கத்துல உக்காரட்டும், பால்கனிக் கதவைப் பூட்டிடுங்க. என்ன நடந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க, எழுதும்போது "பார்ட்னர்"னு போடாம அவர் பேரைப் போட்டு எழுதுங்கம்மா, இந்த லெட்டர்ல அது ஒரு இடத்துலகூட இல்ல.