கார்பன் ஆஃப்செட் வாங்கினால் கணக்கு தீருமா? கேள்வி பதில்

நிறுவனங்களின் உமிழ்வுக் கணக்கைச் சரிபார்ப்பது என் வேலை. ஆஃப்செட், அதாவது தான் விட்ட புகைக்கு ஈடாக வேறெங்கோ நடக்கும் குறைப்பைக் காசு கொடுத்து வாங்குவது, அதைப் பற்றிக் கேளுங்கள் என்றேன், கேட்டுவிட்டீர்கள்.

கேள்வி: சார், கம்பெனி கிரெடிட் வாங்கிவிட்டால் அது விட்ட புகை கழிந்துவிடுமா?

காகிதத்தில் கழியும். ஒரு கிரெடிட் என்றால் வேறெங்கோ ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு குறைந்தது என்று கணக்கு. கம்பெனி விட்ட டன்னை அளக்கலாம். குறைந்ததாகச் சொல்லும் டன் பெரும்பாலும், இந்தப் பணம் வராமல் இருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற ஊகத்தில்தான் நிற்கிறது.

கேள்வி: அந்த ஊகத்தைப் போடுவது யார்? தணிக்கை இருக்கிறதே?

இருக்கிறது, தணிக்கையாளருக்குப் பணம் கொடுப்பதும் திட்டக்காரர்தான்! காட்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். விட்டுவிட்டால் 100 ஹெக்டேர் அழியும் என்று எழுதுகிறார்கள், அழிந்தது 10 என்றால் மிச்சம் 90 ஹெக்டேருக்கும் கிரெடிட் உண்டு. உண்மையில் அந்தக் காட்டை வெட்ட யாருமே வரப்போவதில்லை என்றால்? 2023-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இப்படிப்பட்ட 26 திட்டங்களை, அதே தன்மையுள்ள வேறு காடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. கணக்கிட முடிந்த திட்டங்களில், எதிர்பார்த்த கிரெடிட்டில் சுமார் 6 சதவீதத்துக்குத்தான் நிஜமான குறைப்பு இருந்தது. இந்தக் கிரெடிட்டுகளுக்குச் சான்று தரும் வெரா அமைப்பு அந்த ஆய்வு முறையை ஏற்கவில்லை. ஆனாலும் அதே ஆண்டு விதியை மாற்றி, எவ்வளவு காடு அழியும் என்ற அடிப்படை அளவைப் போடும் வேலையைத் திட்டக்காரர் கையிலிருந்து எடுத்துவிட்டது. எனக்கு அது போதுமான பதில்.

கேள்வி: தெரிந்தே விளையாடிய கதை உண்டா?

உண்டு, உமிழ்வைக் குறைக்க நாடுகள் போட்ட க்யோட்டோ ஒப்பந்தக் காலத்தில். எச்சிஎஃப்சி-22 என்ற குளிர்பதன வாயுவைத் தயாரிக்கும்போது எச்எஃப்சி-23 கழிவாக வரும். அது கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு. அதில் ஒரு டன்னை எரித்து அழித்தால் 11,700 கிரெடிட், எரிக்கும் செலவோ சொற்பம். கழிவில் வரும் காசு சரக்கில் வருவதை மிஞ்சியதும், சில ஆலைகள் கழிவுக்காகவே ஓடுகின்றன என்ற புகார் கிளம்பியது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 மே முதல் அந்தக் கிரெடிட்டுகளைத் தன் சந்தையில் ஏற்கவில்லை.

கேள்வி: மரம் நடுவது நல்லதுதானே அண்ணே?

நல்லதுதான், நடுங்கள். ஆனால் எரித்த நிலக்கரியின் கார்பனில் ஒரு பங்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காற்றில் இருக்கும், மரத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை. 2021-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பரவிய பூட்லெக் காட்டுத்தீ, ஆஃப்செட் விற்ற காட்டையும் சேர்த்தே எரித்தது.

கேள்வி: காற்றிலிருந்து உறிஞ்சும் இயந்திரம்?

வேலை செய்கிறது, அளவுதான் பற்றாது. ஐஸ்லாந்தில் 2021-இல் தொடங்கிய ஆர்கா ஆலை முழுத் திறனில் ஓடினாலும் ஆண்டுக்கு 4,000 டன். உலகம் விடுவது 3,500 கோடி டன்னுக்கும் மேல்.

கேள்வி: ஆண்டறிக்கை எழுதுகிறேன். 'கார்பன் நியூட்ரல்', அதாவது நிகர உமிழ்வு பூஜ்ஜியம் என்று போடச் சொல்கிறார் மேலாளர். போடலாமா?

வேண்டாம். ஆஃப்செட்டைக் காட்டி ஒரு பொருளை நியூட்ரல் என்று நுகர்வோரிடம் விளம்பரம் செய்வதை ஐரோப்பிய ஒன்றியம் 2026 செப்டம்பர் 27 முதல் தடை செய்கிறது. அங்கே விற்காவிட்டாலும் என் யோசனை ஒன்றுதான்: உமிழ்வை ஒரு வரியில் முழுசாகப் போடுங்கள், கிரெடிட்டுக்குச் செலவழித்ததை இன்னொரு வரியில் போடுங்கள், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்காதீர்கள். மேலாளர் முகம் சுளிப்பார், சரி, சுளிக்கட்டும்.

கேள்வி: அப்போ வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. பாய்லரை மாற்றுவது, மின்சாரத்தை மாற்றுவது, விமானப் பயணத்தைக் குறைப்பது எல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது, கூடுதலாக ஒரு நல்ல திட்டத்துக்குப் பணம் கொடுப்பதில் தப்பே இல்லை. நான் எரிச்சலடைவது, பாய்லருக்கு ஒதுக்கிய பட்ஜெட்டை வெட்டிவிட்டு மலிவான கிரெடிட் வாங்குபவர்களிடம்தான். வாங்குவதாக இருந்தால், இந்தப் பணம் இல்லாவிட்டாலும் அந்தத் திட்டம் நடந்திருக்குமா என்று முதலில் கேளுங்கள். அப்புறம், வாங்கிய கிரெடிட்டின் வரிசை எண்கள் பதிவேட்டில் மறுபடி யாருக்கும் விற்க முடியாதபடி உங்கள் பெயரில் ரத்தாகியிருக்கின்றனவா என்று நீங்களே திறந்து பாருங்கள். தரகர் அனுப்பும் சான்றிதழை நம்பி உட்கார வேண்டாம்.