வில்லுப்பாட்டுக்குக் கூட்டம் ஏன் கலைந்தது?

கேள்வி: சித்திரையில் எங்கள் ஊர் முத்தாரம்மன் கோயில் கொடை விழா. போன வருஷம் ராத்திரி ஒன்பது மணிக்கு வில்லுப்பாட்டு வைத்தோம். நல்ல மேடை, நல்ல மைக். முப்பது பேர்கூட உட்காரவில்லை. இந்த முறை வில்லை நிறுத்திவிட்டு இன்னிசைக் கச்சேரி மட்டும் போதும் என்கிறார்கள் இளைஞர்கள். சரிதானா?
– விழாக்குழு உறுப்பினர் ஒருவர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: சரியில்லை. கூட்டம் கலைந்ததற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ஒன்பது மணி.

கொடையின் நேரக் கணக்கு வில்லின் கையில் இருக்கிறது. நள்ளிரவுப் படையலான சாமப்படைப்பு நேரத்தில் சாமி வர வேண்டுமென்றால், சாமியை அழைக்கும் வரத்துப்பாட்டு சரியாக அந்த நேரத்தில் வந்து விழ வேண்டும். காப்பு விருத்தம், குருவடி, அவையடக்கம், நாட்டு வளம் என்று ஒவ்வொரு படியாகக் கதைக்குள் இறங்கி, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, சுருக்க வேண்டிய இடத்தில் சுருக்கித்தான் தலைமைப் பாடகரான அண்ணாவி அந்த நேரத்தைப் பிடிப்பார். ஒன்பது மணிக்கு உட்காரவைத்து, நடுவில் நன்கொடையாளர்களுக்குப் பொன்னாடை போர்த்த மைக்கை வாங்கினால் அவர் என்ன செய்வார்? கதை அறுந்த இடத்தில் எழுந்தவர் மறுபடி வந்து உட்கார மாட்டார்.

முதல்நாள், அம்மனை அழைக்கும் குடியழைப்பு இரவிலேயே கதையைத் தொடங்கச் சொல்லுங்கள். கொடை நாளான செவ்வாய்க்கிழமை, நண்பகல் படையலான உச்சிப்படைப்புக்கு முன் ஓர் அமர்வு. மாலை ஆறரைக்குத் தொடங்கிச் சாமப்படைப்பு வரை மற்றொன்று. இடையில் வில் ஓய்கிறபோது நையாண்டி மேளம். இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டாம். தவிலும் பம்பையும் முழங்கும் இடத்தில் உடுக்கை எடுபடாது. இன்னிசைக் கச்சேரி வேண்டுமா? புதன்கிழமை மாலை தாராளமாக வையுங்கள்.

அடுத்தது, அந்த நல்ல மேடை. ஐந்தடி உயர மேடையில் வில்லை வைத்தால், கீழே இருப்பவருக்கு வீசுகோல் நாணில் விழுவதே தெரியாது. இரண்டடி போதும். முன்னால் நாற்காலி போடாதீர்கள், பாய் விரியுங்கள். பாட்டியும் பேரப்பிள்ளையும் வில்லுக்குப் பத்தடியில் உட்காரட்டும்.

மைக் விஷயத்தில்தான் பெரும்பாலான ஊர்களில் வில்லைக் கொல்கிறார்கள். அண்ணாவிக்கு ஒன்று, பின்பாட்டுக்கு ஒன்று, குடத்துக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று என நான்கு மைக் கேளுங்கள். குடத்தை அடிக்கும் மட்டையான பத்தி அதன் வாயில் விழும்போது உள்ளிருந்து காற்று உந்தி வரும். மைக்கை வாய்க்கு நேரே வைத்தால் அந்தக் காற்று மோதி வெறும் ‘பொத்’ சத்தம்தான் வரும். ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் வைத்தால் குடத்தின் கார்வை கிடைக்கும். வில்லில் கட்டிய மணிகள் எல்லா மைக்கிலும் எப்படியும் புகுந்துவிடும். அவற்றுக்கென்று தனி மைக் வேண்டாம். கூம்பு ஒலிபெருக்கி கட்டவே கட்டாதீர்கள். குடத்தின் அடிநாதம் அதில் ஏறாது. உடுக்கையின் இடுப்புக் கயிற்றை இறுக்கித் தளர்த்தும்போது எழும் விம்மல் தகரத்தைச் சுரண்டுவதுபோல் கேட்கும். இரண்டு பெட்டி ஒலிபெருக்கிகளைப் பாடுபவர்களுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து வையுங்கள். பின்னால் வைத்தால் மைக் ஊளையிடும்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அரசு தளர்வு கொடுத்தாலும் அது வருஷத்துக்கு அதிகபட்சம் 15 நாள், அதுவும் இரவு 12 வரைதான். உங்கள் தேதிக்கு அது உண்டா என்று காவல் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். நேரம் முடிந்ததும் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுப் பாடச் சொல்லுங்கள். பாயில் உட்கார்ந்த கூட்டத்துக்கு வெறும் குடமும் குரலும் நன்றாகவே கேட்கும்.

குழுவை அமர்த்தும்போது தொகைக்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: முத்தாரம்மன் கதை முழுதாகத் தெரியுமா? 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகம் போன்றவர்கள் மேடைக்கென வளர்த்த வில்லிசை அருமையான கலை. ஆனால் கொடைக்கு வேண்டியது விடிய விடியக் கதை சொல்லும் வில். சித்திரையில் செவ்வாய்க்கிழமை நான்கோ ஐந்தோதான். எல்லா ஊரும் அதே கிழமையைத்தான் கேட்கும். நல்ல குழுவுக்கு இன்றைக்கே அச்சாரம் கொடுங்கள். மீதித் தொகையை கடைசி வாழ்த்தான வாழி பாடி முடித்த கையோடு கொடுத்துவிடுங்கள்; விடிகாலையில் பொருளாளர் வீட்டைத் தேடி அவர்களை அலையவிடாதீர்கள்.