கைக்கு அடக்கமான ரிவால்வர்

கேள்வி: தற்காப்புக்காக லைசென்ஸ் எடுத்து ஒரு ரிவால்வர் வாங்கலாம் என்றிருக்கிறேன். கைக்கு அடக்கமாக, வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ள எது நல்லது? இடுப்பில் வைப்பதா, பையில் வைப்பதா?

பதில்: உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தருவது அந்தக் ‘கைக்கு அடக்கமாக’தான். முதல் துப்பாக்கி வாங்குகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், விற்கிறவர்களும் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். எடுத்துப் பார்க்கும்போது சின்ன ரிவால்வர் சுகமாகத்தான் இருக்கும். சுடும்போதுதான் தெரியும்.

1950-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனம் ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தது. ஐந்து தோட்டா, ஏறத்தாழ இரண்டு அங்குலக் குழல், முழுக்க எஃகு, எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். இன்றைக்கு விற்கும் குட்டி ரிவால்வர்களில் பெரும்பாலானவை இதன் வழியில் வந்தவை. பிறகு துப்பாக்கியின் உடல் (ஃபிரேம்) அலுமினியத்தில் வந்து எடை நானூறு கிராம் பக்கம் இறங்கியது. ஸ்காண்டியம், டைட்டானியம் என்று இன்னும் லேசான கலவைகளுக்குப் போனபோது 350 கிராமுக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் தோட்டா இளைக்கவில்லை. அதே .38 ஸ்பெஷல், சிலவற்றில் அதைவிட மூர்க்கமான .357 மேக்னம். துப்பாக்கி எவ்வளவு லேசோ அவ்வளவுக்கு உதை உங்கள் கையில் இறங்கும். ஐந்து தோட்டா சுட்டதும் உள்ளங்கை எரியும். அடுத்த தடவை விசையை இழுக்கும் முன்பே கை பயந்து குனிந்துவிடும், குண்டு தரைக்குப் போகும். அப்புறம் பயிற்சிக்குப் போகவே மனம் வராது.

இன்னொன்றும் உண்டு. இந்த வகை ரிவால்வரில் விசையை இழுக்க ஏறக்குறைய ஐந்து கிலோ அழுத்தம் வேண்டும். அரைக் கிலோகூட இல்லாத ஆயுதத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு ஒரு விரலால் ஐந்து கிலோவை இழுக்க வேண்டும். குழல் குட்டை என்பதால் குறிபார்க்க அதன் மேல் இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளியும் குறைவு. கை மயிரிழை ஆடினால் குறி ஒரு முழம் தள்ளிப் போகும். வருஷக்கணக்கில் சுட்டுப் பழகியவருக்கான கருவி இது. இதைப் போய் புதியவர்களுக்கு, அதிலும் ‘பெண்களுக்கு ஏற்றது’ என்று சொல்லி, சிபாரிசு செய்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்பது கணக்கே தெரியாதவர் சொல்லும் யோசனை.

சரி, ‘ரிவால்வர் சிக்கவே சிக்காது’ என்று இதே பக்கத்தில் என்னோடு மல்லுக்கு நின்ற வாசகர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் போதும், அடுத்தது வந்துவிடும். கைப்பிடிக்குள் தோட்டாப் பெட்டி செருகும் பிஸ்டலில் அந்த வசதி இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலித் தோட்டாக்களை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் எரியாத மருந்துத் துகள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டால், தோட்டா அறைகள் உள்ள சுழலும் உருளையான சிலிண்டர் சுற்றாது. அந்தத் தகட்டைத் தள்ளும் கம்பியின் திருகு கழன்றால் சிலிண்டர் திறக்காது. லேசான ரிவால்வரில் பலமான தோட்டா போட்டுச் சுட்டால், அந்த உதையில் மற்ற அறைகளிலிருக்கும் குண்டுகள் கூட்டிலிருந்து முன்னால் நழுவி வந்து சிலிண்டரைப் பூட்டிவிடும். பிஸ்டல் சிக்கினால் பழகிய கை சில நொடிகளில் சரிசெய்யும். ரிவால்வர் சிக்கினால் மேஜையில் வைத்து, கருவிகளோடு உட்கார வேண்டும்.

இந்தத் தவறான எண்ணங்களில் பாதி சினிமாவிலிருந்து வந்தவை. சினிமாவைப் பற்றி இங்கே பல தடவை எழுதியிருக்கிறேன், எழுதிக்கொண்டுதான் இருப்பேன். மணிக்கட்டைச் சொடுக்கி சிலிண்டரை ‘டக்’ என்று மூடுகிறார்களே, அப்படிச் செய்தால் துப்பாக்கியில் சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை நாளடைவில் வளைந்து, அறையும் குழலும் நேர்க்கோட்டில் நிற்காமல் போகும். ரிவால்வர் முனையில் சைலன்ஸர் மாட்டுவது அடுத்த அபத்தம். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்கிறது, சத்தமும் வாயுவும் அந்த வழியே வந்துவிடும். விதிவிலக்கு என்றால் ரஷ்யப் படையில் இருந்த 1895 மாடல் நாகன்ட். ஏழு தோட்டா. தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியலை இழுக்கும்போது அதன் சிலிண்டரே முன்னால் நகர்ந்து, தோட்டாக் கூட்டின் வாய் குழலுக்குள் புகுந்து இடைவெளியை அடைத்துவிடும். அருமையான பொறியியல். அதற்குக் கொடுத்த விலை, விரல் வலிக்கும் விசை. மற்ற ரிவால்வர்கள் எல்லாவற்றிலும் அந்த இடைவெளியில் கொதிக்கும் வாயு பீறிடும். ஆகவே தாங்கிப் பிடிக்கும் கையின் விரல் எதுவும் சிலிண்டரைத் தாண்டி முன்னால் போகக் கூடாது. இதை எந்தப் படமும் சொல்லித் தருவதில்லை.

இடுப்பா, பையா என்றால் இடுப்புதான். அதுவும் வேட்டியிலோ பேண்டிலோ செருகுவது இல்லை. விசையை முழுவதும் மூடும் கெட்டியான உறையில் இருக்க வேண்டும். கால்சட்டைப் பையில்தான் வைப்பேன் என்றால் அதற்கென்று உறை இருக்கிறது, அந்தப் பைக்குள் சாவி, சில்லறை எதுவும் கூடாது. தோளில் மாட்டும் பையை நினைக்கவே வேண்டாம். திருடன் முதலில் பறிப்பது அதை, வீட்டுக் குழந்தை முதலில் திறப்பதும் அதை. தாத்தா காலத்து ரிவால்வர் கைக்கு வந்திருந்தால் இன்னும் கவனம். கோல்ட் நிறுவனத்தின் 1873 மாடல் போன்ற பழைய வகைகளில் சுத்தியல் தோட்டாவின் மேலேயே உட்கார்ந்திருக்கும், கீழே விழுந்தால் வெடிக்கும். அதனால் ஆறு அறையில் ஐந்தைத்தான் நிரப்புவார்கள். விசையை முழுதும் இழுத்தால் மட்டுமே சுத்தியலின் அடி தோட்டாவுக்குப் போகும்படி நடுவில் ஒரு தகடு வைக்கும் முறையை அந்த வகை ரிவால்வர்களில் ரூகர் என்ற அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனம் 1973-ல்தான் கொண்டுவந்தது.

நீங்கள் கேட்காத ஒன்று, நேரம். 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில் ஒரு ஹோட்டல் வாசலில் அமெரிக்க ஜனாதிபதி ரீகனை ஒருவன் .22 ரிவால்வரால் சுட்டான். 1.7 நொடியில் ஆறு தோட்டாவும் தீர்ந்தது, நான்கு பேர் அடிபட்டார்கள். சுற்றி நின்றவர்கள் உலகிலேயே நன்றாகப் பயிற்சி பெற்ற மெய்க்காவலர்கள். ஒருவர்கூடத் திருப்பிச் சுடவில்லை. ஒருவர் ஜனாதிபதியைக் காருக்குள் தள்ளினார், இன்னொருவர் குறுக்கே நின்று குண்டை வாங்கிக்கொண்டார். உயிரைக் காத்தது அதுதான். இரண்டு வருஷம் கழித்து டென்னிஸ் ட்யூலர் என்ற அமெரிக்கப் போலீஸ் அதிகாரி எழுதிய கட்டுரை இன்னொரு கணக்கைச் சொன்னது. கத்தியோடு ஓடிவருகிறவன் 21 அடியை ஏறக்குறைய ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான். பழகிய போலீஸ்காரர் உறையிலிருந்து எடுத்துச் சுடவும் அதே நேரம் ஆகும். சட்டைக்கு அடியில் மறைத்து வைத்திருக்கும் நீங்கள் எங்கே நிற்பீர்கள்? கதவைப் பூட்டுவது, வெளிச்சம் போடுவது, சந்தேகமாக இருந்தால் திரும்பி ஓடுவது, இவற்றை முதலில் பழகுங்கள்.

அப்புறம் வீடு. அமெரிக்காவில் 2021-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 தற்கொலைகள். திருடனுக்காக வாங்கியது வீட்டிலிருப்பவரின் ஒரு மோசமான இரவில் கைக்குக் கிடைத்துவிடுகிறது. மாத்திரை விழுங்கியவரில் பெரும்பாலானோரைக் காப்பாற்ற முடிகிறது, துப்பாக்கி அந்த வாய்ப்பைக் கொடுப்பதில்லை. உங்கள் வீட்டில் யாராவது மனம் உடைந்த நிலையில் இருந்தால், நீங்களாகவே இருந்தாலும், வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அப்படி எதுவும் இல்லை, உண்மையான ஆபத்து இருக்கிறது, சட்டமும் அனுமதிக்கிறது என்றால்: எஃகு உடல், மூன்று அங்குலக் குழல், .38 ஸ்பெஷல், ஆறு தோட்டா. வாங்கும் முன் பயிற்சியாளர் ஒருவரிடம் அதே வகையில் ஐம்பது தோட்டா சுட்டுப் பாருங்கள், காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்போடு. மாதம் ஒரு தடவையாவது பயிற்சிக்குப் போக முடியுமா என்று பாருங்கள். இடுப்பிலிருந்து கழற்றியதும் நேராகப் பூட்டுள்ள இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும், தலையணைக்கு அடியில் இல்லை. அந்தப் பெட்டியை ரிவால்வருக்கு முன்னால் வாங்குங்கள்.