கடல் தண்ணிக்கு உடனடி டெஸ்ட் இருக்கா?

கேள்வி: குளிக்கிற கடல் தண்ணில கிருமி இருக்கான்னு லேபுக்கு அனுப்பினா ரிசல்ட் வர ஒரு நாள் ஆகுதாமே? கரையில நின்னே, ஒரு ஸ்ட்ரிப்பை முக்கி நிறம் மாறுதான்னு பாத்துக்க முடியாதா சார்?

பதில்: ஆசை நியாயமானதுதான், ஆனா கணக்கு இடிக்குது. கடல்ல தேடுறது எண்டரோகாக்கைங்கிற குடல் பாக்டீரியாவ, உப்புத்தண்ணில அது ஈ.கோலைங்கிற இன்னொரு குடல் பாக்டீரியாவ விட தாக்குப்பிடிக்கும். அமெரிக்காவோட 2012 அளவுகோல்ல ஒண்ணு, 100 மில்லிக்கு சராசரியா 35 தாண்டக்கூடாதுங்குது, அப்படின்னா எல்லைய தொட்ட தண்ணிலயே கிட்டத்தட்ட 3 மில்லிக்கு ஒரு பாக்டீரியாதான் இருக்கும், ஸ்ட்ரிப் குடிக்கிறதோ ரெண்டு மூணு சொட்டு! அதுல அது மாட்டுறது லாட்டரிதான். அதனாலதான் லேப்ல 100 மில்லியையும் வடிகட்டி, ஃபில்டர மீடியத்து (பாக்டீரியா வளர்ற சத்துக்கூழ்) மேல வச்சு, 41 டிகிரில 24 மணி நேரம் வளத்து, நீல வளையத்தோட வர்ற புள்ளிகள எண்ணுறாங்க. வளர்றத அவசரப்படுத்த முடியாது, ஆனா அதுக்குள்ள நீரோட்டம் மாறிடும், வெயில் பட்டு பாதி செத்தும் போயிடும், அதனால பீச்ச மூடுறப்போ தண்ணி நல்லா இருக்கும், அழுக்கா இருந்த அன்னிக்கு எல்லாரும் குளிச்சிருப்பாங்க.

வளக்காம நேரா டிஎன்ஏவ எண்ணுற க்யூபிசிஆர் மூணு நாலு மணி நேரத்துல சொல்லிடும். அமெரிக்காவோட சான் டியேகோவுல 2022ல இருந்து இதே குடும்பத்து டிஜிட்டல் பிசிஆர வச்சுத்தான் பீச் எச்சரிக்கையே குடுக்குறாங்க. ஒரு சிக்கல், செத்த பாக்டீரியாவோட டிஎன்ஏவும் கணக்குல வந்துடும், போதாக்குறைக்கு கலங்கல் தண்ணில ரியாக்ஷனே படுத்துடும். நிஜமாவே கரைக்கு தூக்கிட்டு போகக்கூடியதுன்னா, ஆன்டிபாடி பூசின காந்த மணிகளால பாக்டீரியாவ பிடிச்சு, உடைச்சு, அதுல வர்ற ஏடிபிய (உயிருள்ள செல்லுக்குள்ள இருக்குற சக்தி மூலக்கூறு) வெளிச்சமா அளக்குற முறை, ஒரு மணி நேரம் முன்னப்பின்ன ஆகும். ஆனா ஒவ்வொரு பீச்சுலயும் பழைய வளப்பு முறையோட பக்கத்துல வச்சு சரிபாக்காம அந்த நம்பர நான் நம்ப மாட்டேன், ஒரு இடத்துல பொருந்துறது இன்னொரு இடத்துல பொருந்தறதில்ல.

கேள்வி: சாம்பிள நானே எடுக்கலாமா?

பதில்: தாராளமா. ஸ்டெரைல் பாட்டில், மூடிக்குள்ள விரல் படக்கூடாது. ஒரு மீட்டர் ஆழத்துல, மண்ண கலக்காம நின்னு (மணல்லயே இந்த பாக்டீரியா குடியிருக்கும்), பாட்டில கவுத்து 30 செ.மீ. கீழ கொண்டுபோய், நீரோட்டம் வர்ற பக்கமா திருப்பி நிரப்புங்க, மேல கொஞ்சம் இடம் விடுங்க. உடனே ஐஸ் பெட்டி, 6 மணி நேரத்துக்குள்ள லேப். எடுத்த நேரத்த எழுத மறக்காதீங்க, காலைல எடுத்ததுக்கும் உச்சி வெயில்ல எடுத்ததுக்கும் நிறைய வித்தியாசம் வரும்.

கேள்வி: டெஸ்ட்டே இல்லாத இடத்துல என்ன பண்றது?

பதில்: மழை பெஞ்சு மூணு நாளைக்கு இறங்காதீங்க, வடிகால் வந்து விழுற வாய்க்கால் பக்கம் எப்பவுமே வேண்டாம். தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கேன்னு மட்டும் ஏமாறாதீங்க, 35 இருந்தாலும் 3500 இருந்தாலும் கண்ணுக்கு ஒண்ணுதான்.