ஸ்வாப்பை நிறுத்தலாமா?

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். 4 ஜிபி ராம் கொண்ட லினக்ஸ் கணினியில் பிரவுசரையும் ஆர்டர் ஷீட்டையும் சேர்த்துத் திறந்தால், ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்து மவுஸ் உறைந்துவிடுகிறது. ராம் போதாதபோது டிஸ்க்கில் இடம் தரும் ஸ்வாப்பை நிறுத்திவிட்டு, தற்காலிகக் கோப்புகளை ராமில் வைக்கலாமா?

பதில்: ஸ்வாப்பை நிறுத்திவிடாதீர்கள்; ராம் நிரம்பியதும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஏதேனும் ஒரு நிரலை வலிய மூடிவிடும், அது நீங்கள் இன்னும் சேமிக்காத ஆர்டர் ஷீட்டாகவும் இருக்கலாம். தற்காலிகக் கோப்புகளை ராமிலேயே வைக்கும் டெம்ப்எஃப்எஸ் (tmpfs), அளவு குறிப்பிடாவிட்டால் ராமில் பாதிவரை, அதாவது உங்களிடம் ஏறத்தாழ 2 ஜிபிவரை, வளரக்கூடும் என்பதால் அதுவும் உங்களுக்கு ஏற்றதன்று. இசட்ராம் (zram) அமைத்துக்கொள்வதே என் பரிந்துரை: ஸ்வாப்புக்கு அனுப்பப்படும் நினைவகத் துண்டுகளை (பக்கங்களை) அது ராமுக்குள்ளேயே சுருக்கி வைப்பதால் டிஸ்க்கின் அலைச்சல் குறையும். அதற்கு டிஸ்க் ஸ்வாப்பைவிட உயர்ந்த முன்னுரிமை கொடுங்கள். ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துவது என்பதைக் குறிக்கும் ஸ்வாப்பினஸ் அளவு இயல்பான 60 ஆகவே இருக்கட்டும்.