மாடித் தோட்டத்தில் பையில் வளர்த்த மஞ்சளுக்கு உரமும் தண்ணீரும் எப்போது நிறுத்த வேண்டும்? வேகவைத்துக் காயவைத்தும் சுருங்கிப் பூஞ்சை பிடிக்கிறதே, ஏன்?

சுருங்கிப்போன மஞ்சளைப் பார்த்ததும் வெயில் போதவில்லை என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். பெரும்பாலும் தவறு அதற்கு முன்பே நடந்திருக்கும்: கடைசி இரண்டு மூன்று மாதம் கொடுத்த உரத்திலும், அடுப்பில் வைத்திருந்த நேரத்திலும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வைகாசி, ஆனியில் நட்ட மஞ்சள் ரகத்தைப் பொறுத்து ஏழிலிருந்து ஒன்பது மாதத்தில் முற்றும். தழைச்சத்தை (நைட்ரஜன்) ஐந்தாம் மாதத்தோடு நிறுத்திவிடுங்கள். யூரியா மட்டுமல்ல, மீன் அமிலம், கடலைப் பிண்ணாக்குக் கரைசல், பஞ்சகவ்யம் எல்லாமே இந்தக் கணக்கில் அடக்கம். இயற்கை உரம்தானே என்று ஏழாம் மாதம் வரை ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். ஊற்றினால் செடி பச்சையாகவே நிற்கும், புதுத் தூர் விடும், கிழங்கில் மாவுச்சத்து இறங்காது. தோண்டும்போது பருமனாக இருக்கும் கிழங்கில் வழக்கத்தைவிட நீர்தான் அதிகம். காய்ந்ததும் அது சுருங்காமல் என்ன செய்யும்? ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால் சாம்பல் சத்து (பொட்டாஷ்) போதும். பைக்கு ஒரு கைப்பிடி விறகுச் சாம்பலை மேல்மண்ணில் கலந்துவிடலாம். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் சாம்பலும் வேண்டாம், மண்ணின் காரத்தன்மை இன்னும் ஏறும்.

அந்த வீடுகளில் பையின் மேல்மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். நல்ல தண்ணீர் விட்டு அதைக் கழுவி இறக்குவது சரியான வேலைதான், ஆனால் இலை பச்சையாக இருக்கும் காலத்திலேயே, மழைநீர் கிடைக்கும் ஐப்பசி கார்த்திகையிலேயே முடித்துவிட வேண்டும். அறுவடைக்கு முன் பையைக் கழுவினால் சுத்தமான மஞ்சள் கிடைக்கும் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். முற்றிய கிழங்கைச் சுற்றி ஈரம் தேங்கினால் அழுகல்தான் வரும்.

தண்ணீரை நாள் பார்த்து நிறுத்தாதீர்கள், இலையைப் பார்த்து நிறுத்துங்கள். அடி இலைகள் பழுக்கத் தொடங்கியதும் பாதியாகக் குறையுங்கள். பாதிக்கு மேல் பழுத்ததும் அடியோடு நிறுத்துங்கள். இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. இலைப்புள்ளி நோயும் இலைக் கருகலும் வந்தாலும் இலை பழுத்துக் காயும், அதை முற்றல் என்று நினைத்து ஆறாம் மாதமே பையைக் கவிழ்த்துவிடுவார்கள். முற்றல் என்றால் எல்லாச் செடியும் ஏறக்குறைய ஒரே சமயத்தில், புள்ளியில்லாமல் பழுக்கும். ஒரு செடி மட்டும் மஞ்சளாகி, தண்டின் அடி கொழகொழவென்று இருந்து, இழுத்தால் கையோடு வந்தால் அது கிழங்கழுகல். அந்தப் பையை உடனே மற்றவற்றிலிருந்து விலக்கி வையுங்கள்.

தழை முழுக்கக் காய்ந்ததும் மண்ணுக்கு ஒரு அங்குலம் மேலே அறுத்துவிட்டு, ஒரு வாரம் பையை அப்படியே விடுங்கள். தோல் முற்றுவதற்கு இந்த வாரம் தேவை. பிறகு பையைக் கிழித்துக் கவிழ்த்து, மண்ணை உதிர்த்து, வேரை நீக்கி, விரல் போல நீண்ட விரலியையும் நடுவில் உருண்டையாக இருக்கும் குண்டுக் கிழங்கையும் தனித்தனியாகப் பிரியுங்கள். அடுத்த நடவுக்கான விதையை இப்போதே எடுத்து வைத்துவிட வேண்டும். 30 கிராமுக்குக் குறையாத, காயமில்லாத கிழங்குகளை நிழலில் மணலுக்குள் வையுங்கள். எட்டி இலை கிடைத்தால் மேலே பரப்புவது பழைய வழக்கம். வெந்த கிழங்கு முளைக்காது.

மற்றதை இரண்டு மூன்று நாளுக்குள் வேகவையுங்கள். கழுவிய விரலியைப் பாத்திரத்தில் போட்டு, மேலே இரண்டு மூன்று அங்குலம் நிற்கும்படி தண்ணீர் ஊற்றுங்கள். கொதி வந்த பிறகு 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். நுரை கட்டும், வெண்புகையோடு மஞ்சள் வாசனை எழும். அப்போது ஒன்றை எடுத்து ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள், தடையில்லாமல் இறங்கவேண்டும். அழுத்தினால் விரலுக்கு மெத்தென்று இருக்கவேண்டும், கூழாகக் கூடாது. குண்டுக்கு நேரம் கூடுதலாகும், அதனால்தான் தனியாகப் பிரிக்கச் சொன்னேன். சேர்த்துப் போட்டால் ஒன்று வேகாமல் நிற்கும் அல்லது மற்றது குழையும்.

வேகவைப்பது கிருமிக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் மாவுச்சத்து வெந்து பசையாகி நிறத்தை எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்புகிறது. காயவும் நாள் குறைகிறது. அரைகுறையாக வெந்தது காய்ந்த பிறகு பொடிப்பொடியாக உடையும், நடுவில் வெளிறிய வட்டம் தெரியும், வண்டும் சீக்கிரம் வரும். அதிகம் வெந்தது நிறம் மங்கிக் கருக்கும். நிறம் ஏறும் என்று சுண்ணாம்போ சோடா உப்போ சேர்க்காதீர்கள். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், ஆனால் அந்தச் சிவப்பு, மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் சிதைவதன் தொடக்கம்.

காயவைக்கும்போது பிளாஸ்டிக் தாள் விரிக்காதீர்கள். அடியில் வியர்த்து, அந்தப் பக்கம்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும். மூங்கில் பாய், பருத்தித் துணி, சுத்தமான சிமெண்ட் தளம் எதுவும் சரி. இரண்டு மூன்று அங்குலக் கனத்தில் பரப்புங்கள். ஒற்றை அடுக்காகப் பரப்பினால் நிறம் வெளிறும். தினம் இரண்டு முறை கிளறிவிட்டு, மாலையில் குவித்து மூடிவிடுங்கள், பனி படக்கூடாது. தை, மாசி வெயிலில் 10 முதல் 15 நாள் ஆகும். இடையில் மழை வந்தால் அடுப்புச் சூட்டில் அவசரமாக உலர்த்த வேண்டாம். 60 டிகிரிக்கு மேல் போனால் மேல் மட்டும் இறுகி உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும்.

காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது, தராசுதான் சொல்லும். ஒரு கிலோ பச்சை மஞ்சள் சுமார் 200 கிராமாக இறங்கும். ரகத்தையும் முற்றலையும் பொறுத்து இது மாறும் என்பதால், இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒன்றை உடையுங்கள். டக்கென்ற சத்தத்தோடு முறிந்து, உள்ளே கொம்பு போல மினுங்கும் ஒரே ஆரஞ்சு நிறம் தெரிந்தால் முடிந்தது. வளைந்து கொடுத்தால் இன்னும் மூன்று நாள்.

மெருகு ஏற்ற, சாக்கில் போட்டு இரண்டு பேர் பிடித்துக் குலுக்கித் தேய்த்தாலே செதிலும் வேரும் உதிர்ந்துவிடும். கடையில் விற்கும் மஞ்சள் சாயப் பொடி எதையும் இந்த வேலைக்குத் தொடாதீர்கள், ஈயம் கலந்த நச்சுச் சாயமான ஈய குரோமேட் கலப்படம் அப்படித்தான் நுழைகிறது. குழந்தைகளின் உடம்பில் ஈயம் செய்யும் கேடு சாதாரணமானதல்ல.

பொடியை மொத்தமாக அரைத்து வைக்காமல் மூன்று மாதத்துக்கு ஆகும் அளவு மட்டும் அரையுங்கள். வெளிச்சம் படாத, இறுக்கமாக மூடும் டப்பாவில் வையுங்கள். முழு விரலியில் சிறு துளைகளும் அடியில் மாவும் தெரிந்தால் வண்டு வந்துவிட்டது. நன்றாக இருப்பவற்றைப் பொறுக்கி, ஈரம் புகாத பையில் கட்டி, ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பையைத் திறக்காமலே அறைச் சூட்டுக்கு வரவிட்டு, பிறகு ஒரு நாள் வெயில் காட்டுங்கள்.